எது எதற்காகக் காத்திருக்கிறது?

தெற்கு டெல்லியில் ஐஐடி வளாகத்துக்குப் பக்கத்தில் கட்வாரியா சராய் என்றொரு ஊர் இருக்கிறது. ஒருகாலத்துக் கிராமம். இன்று போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் வாடகை அறைகளும் ஜெராக்ஸ் கடைகளும் அடைத்துக்கொண்ட சந்துகள். அங்கேதான் லால் பகதூர் சாஸ்திரி தேசிய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. நியாயம், மீமாம்சை, வேதாந்தம், ஜைன தரிசனம் என்று துறை துறையாகப் பாடம் நடக்கிறது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், ஐஐடியின் கணினித் துறையில், பேரலல் புரோகிராமிங் சொல்லித் தருகிறார்கள். ஒரு வேலையைப் பல செயலிகளுக்குப் பிரித்துக் கொடுத்து விரைவாக முடிக்கும் கலை அது. அத்துறைப் பேராசிரியர் சுபோத் குமார் அதற்கென்று ஒரு பாடநூலே எழுதியிருக்கிறார். பாடத்திட்டத்தைப் பார்த்தால் இரண்டு இடத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இரண்டிலும் ஒரே கேள்விதான் மாணவர்களைப் படுத்துகிறது.

பல காரியங்கள் மெய்யாகவே ஒரே கணத்தில் நடக்குமா? அல்லது ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக நடப்பதைப் பார்த்துவிட்டு ஒரே நேரத்தில் நடந்ததாக நாம் மயங்குகிறோமா?

நியாய சூத்திரம் மனம் என்ற ஒன்று உண்டு என நிறுவுவதே இந்தக் கேள்வியை வைத்துத்தான். கண் உருவத்தோடும், காது ஒலியோடும், மூக்கு மணத்தோடும் ஒரே சமயத்தில் தொடர்பில் இருக்கின்றன. ஆன்மாவோ எங்கும் பரந்தது. அப்படியானால் எல்லா அறிவும் ஒரே சமயத்தில் பொங்கி எழ வேண்டுமே, ஏன் எழவில்லை? நடுவில் அணுவளவான ஒரு கருவி இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒரு புலனோடுதான் அது சேர முடியும் என்பது நையாயிகரின் விடை. அந்தக் கருவியே மனம். இதை வடமொழி தெரியாதவர்களும் படிக்க வழி இருந்தது. 1785இல் மறைந்த திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர், அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழில் தந்திருக்கிறார். ஆளுக்கு ஒன்றாக, அணுவாக, அழியாததாக மனம் அதில் இடம்பெறுகிறது.

எதிர்க்கட்சியின் கேள்வியையும் நியாய மரபு மறைக்கவில்லை. சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஒரு காட்சியைக் கொண்டுவருகிறார். ஆசிரியர் ஒருவர் காட்டு வழியே போகிறார். வாய் பாடம் ஓதுகிறது, கால் நடக்கிறது, கையில் கமண்டலம், கண் பாதையில், காது காட்டுச் சத்தத்தில். விலங்கின் தடம் தென்படவே பயம் வேறு. இடையே போய்ச் சேர வேண்டிய இடமும் நினைவில் இருக்கிறது. இத்தனையும் ஒருசேர நடக்கவில்லையா? இல்லை என்கிறது சூத்திரம். கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிகிறது. வளையம் என்று ஒன்று அங்கே இல்லை, விரைவுதான் அதை உண்டாக்குகிறது. பின்னால் வந்தவர்கள் இன்னும் கூர்மையான உவமை சொன்னார்கள்: அடுக்கிவைத்த நூறு தாமரை இதழ்களை ஊசியால் ஒரே குத்தாகக் குத்தினால் நூறும் ஒன்றாகத் துளைபட்டதுபோல் தோன்றும், ஆனால் ஊசி ஒவ்வொன்றாகத்தான் கடந்திருக்கும். நெய்யில் பொரித்த நீளமான பலகாரம் ஒன்றைக் கடிக்கிறவன் கதையும் உண்டு. நம் ஊர்க் கைமுறுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். மொறுமொறு சத்தம், வாசனை, ருசி, சூடு, நிறம் ஐந்தும் ஒன்றாக வருவதாகத் தோன்றும். ஐந்தும் வரிசையில்தான் வருகின்றன என்று நையாயிகர் சாதிப்பார்.

இதை மறுத்தவர்களில் கெட்டிக்காரர் 8ஆம் நூற்றாண்டு பௌத்தரான சாந்தரக்ஷிதர். நாட்டியக்காரியைப் பார்த்துக்கொண்டே பாட்டையும் கேட்டு, மணத்தையும் நுகர்ந்து, விசிறிக் காற்றையும் உணர்கிறவனுக்கு அறிவுகள் ஒன்றாகவே எழுகின்றன என்பது அவர் கட்சி. விரைவினால் வரிசை மறைந்துவிடுகிறது என்று சொல்கிறீர்களே, அப்படியானால் 'லதா' என்று வேகமாகச் சொன்னாலும் எழுத்துகளின் வரிசை மறைய வேண்டுமே என்று கேட்கிறார். 'லதா'வுக்கும் 'தால'வுக்கும் வேறுபாடு தெரியாமல் போகவேண்டும். யாருக்கும் அப்படிப் போவதில்லை.

இந்த இடம் சற்று நின்று பார்க்கத் தக்கது. 'லதா'வில் எழுத்து இடம் மாறினால் பொருளே மாறிவிடும். சலங்கை ஒலிக்கும் மல்லிகை மணத்துக்கும் அப்படிப்பட்ட கட்டு எதுவும் இல்லை, எது முந்தினாலும் நஷ்டமில்லை. சாந்தரக்ஷிதர் அறிகிறவனைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் உதாரணம் அறியப்படும் பொருளைச் சுட்டுகிறது. அவரே அந்தப் பக்கம் போகவில்லை. போக வைத்தது, ஆயிரத்து இருநூறு ஆண்டு கழித்து, வலைப்பக்கத்தைத் திரையில் எப்படி வேகமாக அடுக்குவது என்ற சில்லறை விவகாரம்.

சில்லறை என்றாலும் அதற்கு ஒரு முன்கதை உண்டு. கணினி பிறந்து பல பத்தாண்டுகளுக்குப் பெரும்பாலான கணினிகள் நையாயிகரின் மனமாகத்தான் இருந்தன. ஒரே செயலி, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. பத்து வேலை ஒன்றாக ஓடுவதுபோல் தோன்றினால் அது கொள்ளிக்கட்டை வித்தை. ஒவ்வொரு வேலைக்கும் நொடியின் சிறு துணுக்கைக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். தமிழர்களுக்கு இதை விளக்க வேறு உவமை தேட வேண்டாம், அவதானக் கலை இருக்கிறது. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். இக்கலையில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் மணி அடித்துக்கொண்டே இருப்பார், ஒருவர் முதுகில் கல் எறிவார். ஒன்றையும் விடாமல் எல்லாருக்கும் விடை சொல்ல வேண்டும். பார்ப்பவர்களுக்கு நூறு மனம். நையாயிகரைக் கேட்டால், ஒரே மனம், நூறு வரிசை, எந்த வரிசை எங்கே நின்றது என்ற பிசகாத நினைவு என்பார். உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் பகுதி இன்றும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒரே ஓர் இழை, வந்து குவியும் கோரிக்கைகளை வரிசையாக எடுத்து முடிக்கிறது.

மெய்யான பன்மைக்குத் தள்ளப்பட்டதில் டெல்லிக்கு ஓர் அனுபவம் உண்டு. 1980களின் இறுதியில் லோதி சாலை மௌசம் பவனில் வானிலை முன்கணிப்புக்காக அமெரிக்காவின் க்ரே எக்ஸ்-எம்பி/14 கணினி வந்திறங்கியது. இந்தியா கேட்டது இரண்டு செயலி கொண்ட எக்ஸ்-எம்பி/24. அணு ஆயுத ஆய்வுக்குத் திரும்பிவிடுமோ என்ற அச்சத்தில் வாஷிங்டன் ஒரே செயலி கொண்டதைத்தான் விட்டது. பெயரில் உள்ள அந்த 1 செயலியின் எண்ணிக்கை. இந்த மாதிரி கெடுபிடிகளின் விளைவாகவே டெல்லியின் மின்னணுத் துறை 1988இல் சி-டாக் நிறுவனத்தைத் தொடங்கியது. 1991இல் புணேயில் உருவான பரம் 8000, 64 சிறிய டிரான்ஸ்பியூட்டர் சிப்புகளை இணைத்துப் பின்னிய இயந்திரம். ஒரு பெரிய மனம் கிடைக்காதவர்கள் பல சிறிய மனங்களைச் சேர்த்தார்கள்.

2004 வாக்கில் உலகமே அதே நிலைக்கு வந்தது. சிப்பின் வேகத்தை இனியும் கூட்டினால் சூடு தாங்காது என்று இன்டெல் தன் அடுத்த தலைமுறை டேஜஸ் சிப்பைக் கைவிட்டு இரட்டைக் கோர் பக்கம் திரும்பியது. இன்று டெல்லி நேரு பிளேஸ் கடைகளில் மலிவான போன் பெட்டியிலும் ஆக்டா கோர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. (அந்தச் சந்தைக்குச் சற்று தூரத்தில் 27 இதழ்களோடு பஹாய் தாமரைக் கோயில் நிற்கிறது. பளிங்கு போர்த்திய இதழ்கள், நையாயிகரின் ஊசிக்கு வேலை இல்லை.) எட்டு கோர் வாங்கியவரின் போனிலும் செய்திப் பக்கம் திணறித் திணறித்தான் விரிகிறது. ஏழு கோர் சும்மா இருக்க ஒன்று மட்டும் மூச்சு வாங்கினால் எட்டு எதற்கு?

நியாய மரபிடம் இதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது என்பதுதான் வேடிக்கை. வாத்ஸ்யாயனர் யோகிக்கு ஒரு விலக்குத் தருகிறார். யோகி தன் ஆற்றலால் பல உடல்களைப் புலன்களோடு படைத்துக்கொண்டு பலவற்றை ஒருங்கே அறிவான். காயவியூகம் என்று பெயர். அணுவான மனத்தைப் பெரிதாக்கவில்லை, வேகப்படுத்தவில்லை, எண்ணிக்கையைக் கூட்டிவிட்டார். இதைப் பதஞ்சலியின் யோக சூத்திரமும் பேசுகிறது. படைக்கப்பட்ட பல சித்தங்களுக்கும் ஏவலிட ஒரு சித்தம் உண்டு என்ற நுணுக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. விஷ்ணு புராணத்தின் சௌபரி முனிவர் மாந்தாதாவின் ஐம்பது பெண்களையும் மணந்து ஐம்பது மாளிகைகளிலும் ஒரே நேரத்தில் குடித்தனம் நடத்தினார். ஒவ்வொருத்தியும் தந்தையிடம், கணவர் என்னைவிட்டு நகர்வதே இல்லை, அக்காள் தங்கைகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது என்றாள்.

சரி, ஒரு வலைப்பக்கத்தில் ஐம்பது உடல் எடுத்தால் என்ன ஆகும்?

பக்கம் வந்ததும் உலாவி அதை ஒரு மரமாகக் கட்டுகிறது. வேரில் முழுப் பக்கம், கிளைகளில் தலைப்பு, பத்தி, படம், விளம்பரம். ஆயிரக்கணக்கான பெட்டிகள் இருக்கலாம். முதலில் ஒவ்வொரு பெட்டிக்கும் எந்த எழுத்துரு, என்ன நிறம் என்பதை சிஎஸ்எஸ் விதிகளைப் பொருத்திப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். பிள்ளைப் பெட்டி பல குணங்களைத் தகப்பன் பெட்டியிடமிருந்து வாங்குகிறது, அதனால் தகப்பன் முந்த வேண்டும். உடன்பிறந்த பெட்டிகளுக்கு ஒருவரையொருவர் எதிர்பார்க்கும் தேவை அநேகமாக இல்லை. பிறகு அளவு. அகலம் முதலில் கீழிருந்து மேலே போகிறது. இதற்குக் குறைந்தால் என்னால் முடியாது என்று ஒவ்வொரு பெட்டியும் மேலே சொல்லி அனுப்பும். அந்தக் குறைந்தபட்சத்தைத் தீர்மானிப்பது உடைக்க முடியாத மிக நீளமான சொல். 'கேட்டுக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று ஒரே மூச்சில் எழுதும் மொழிக்கு இது என்ன பாடுபடுத்தும் என்பதைத் தமிழ்ப் பத்திரிகைத் தளங்களின் ஒல்லியான பத்திகளில் காணலாம். அடுத்து மேலிருந்து கீழே: தகப்பன் அகலத்தை ஒதுக்குகிறது, பிள்ளைகள் அதற்குள் வரிகளை உடைக்கின்றன. மறுபடி கீழிருந்து மேலே உயரம் கூட்டப்படுகிறது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த லியோ மெயரோவிச்சும் ரஸ்திஸ்லாவ் போடிக்கும் 2010இல் இந்த ஏற்ற இறக்கங்களை உற்றுப் பார்த்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சிஎஸ்எஸ்ஸின் ஒரு பகுதியை இலக்கணம்போல் எழுதிவைத்தார்கள். மரத்தின் எந்தக் கணுவின் எந்தக் குணம் வேறெந்தக் குணத்தைச் சார்ந்தது என்பது மட்டுமே அந்த இலக்கணம். சார்பு தெளிந்துவிட்டால் சாராதவற்றை எல்லாம் ஒரே நேரத்தில் செய்யலாம். பிரபலமான தளங்களில் சோதித்தபோது 80 மடங்கு வரை வேகம் கிடைத்ததாகக் கணக்குக் கொடுத்தார்கள். போதுமான செயலிகள் இருந்தால் பக்கம் இருமடங்கானாலும் நேரம் கொஞ்சமே கூடும் என்பதையும் நிறுவினார்கள். எத்தனை வேலை என்பது போய், எத்தனை படி ஆழம் என்பது மட்டும் மிச்சம்.

2012 முதல் மொசில்லா வளர்த்த சர்வோ என்ற சோதனை உலாவி இயந்திரம் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 2013இல் சாம்சங்கும் சேர்ந்துகொண்டது. அதில் மேலேறும் பயணத்துக்குக் கையாண்ட உத்தி அழகானது. ஒவ்வொரு தகப்பனிடமும் இன்னும் எத்தனை பிள்ளைகள் பாக்கி என்று ஓர் எண் இருக்கும். முடித்த பிள்ளை அதில் ஒன்றைக் கழிக்கும். கழித்து சுழி வந்தால், கழித்த அந்தப் பிள்ளையை முடித்த இழையே தகப்பன் வேலையையும் எடுத்துக்கொள்ளும். ஏவலிட ஒரு தலைமைச் சித்தம் தேவைப்படவில்லை. பதஞ்சலியின் ஏற்பாட்டைவிட இது சிக்கனம் என்றே சொல்லவேண்டும்.

இங்கேதான் பழைய வாதத்துக்குப் புதிய வெளிச்சம் கிடைக்கிறது. ஒரு பக்கத்தில் நூறு பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. 57ஆம் பத்தி எங்கே தொடங்கும் என்பது முந்தைய 56 பத்திகளின் உயரத்தைப் பொறுத்தது. ஆகவே வரிசையாகத்தான் செய்தாக வேண்டும் என்று தோன்றும். அது பொய்த் தோற்றம். 57இன் வரிகளை உடைக்க அதன் அகலம் போதும், எங்கே நிற்கும் என்பது தேவையே இல்லை. நூறு பத்திகளையும் நூறு பேர் தனித்தனியே உடைத்து உயரம் கண்டுவிட்டால், கடைசியில் நூறு எண்களைக் கூட்டுவதுதான் பாக்கி. வரிசை நம் கணக்குப் போடும் பழக்கத்தில் இருந்ததே தவிர பக்கத்தில் இல்லை.

இப்போது மூன்றாம் பத்தியின் ஓரத்தில் ஒரு படத்தை மிதக்க விடுவோம். சிஎஸ்எஸ்ஸில் இதற்கு ஃப்ளோட் என்று பெயர். படம் உயரமானது, நான்காம் ஐந்தாம் பத்திகளின் பக்கவாட்டிலும் நீள்கிறது. ஐந்தாம் பத்தியின் எத்தனை வரிகள் படத்தை ஒட்டி ஒடுங்க வேண்டும்? நான்காம் பத்தி எங்கே முடிந்தது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். அது முடியும் இடமோ மூன்றாவதைப் பொறுத்தது. ஆயிரம் செயலிகளைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் 999 வேடிக்கைதான் பார்க்கும். சர்வோவும் ஃப்ளோட் உள்ள இடங்களில் பன்மையை மூட்டைகட்டி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத்தான் செய்கிறது. இது கொள்ளிக்கட்டை மயக்கம் அல்ல, கருவியின் சிறுமையும் அல்ல. இந்த வரிசை 'லதா'வின் வரிசை, பொருளிலேயே இருக்கிறது.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பலர் ஒரே மரத்தில் கைவைக்கும்போது, ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் எண்ணை இன்னொருவர் மாற்றிவிட்டால் யாரைக் குற்றம் சொல்வது? அந்தப் பிழை சில நாள் தோன்றும், சில நாள் ஒளியும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் சிஎஸ்எஸ் நடை விதிகளைப் பொருத்தும் பகுதியைப் பல இழைகளுக்குப் பிரிக்க மொசில்லா சி++ மொழியில் இரண்டு முறை முயன்று தோற்றது. மூன்றாம் முயற்சி பலித்ததற்குக் காரணம், அங்கே கிரேடன் ஹோரே தொடங்கி வளர்ந்த ரஸ்ட் மொழி. அதன் விதி சுருக்கம்: ஒரு பொருளை ஒரே நேரத்தில் பலர் பார்க்கலாம், அல்லது ஒருவர் மாற்றலாம், இரண்டும் கூடாது. நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் இதைச் சரிபார்த்துவிடும். ஸ்டைலோ என்று பெயர் பெற்ற அந்தப் பகுதி 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57இல் வெளிவந்தது. நடை மட்டுமே பன்மைக்குப் போனது, அளவுகளை அடுக்கும் வேலை அங்கே பெரும்பாலும் பழைய ஒற்றை இழையிலேயே தங்கியது. 2020இல் ஆட்குறைப்பு வந்தபோது மொசில்லா சர்வோவைக் கைவிட, அது லினக்ஸ் அறக்கட்டளைக்குப் போய், 2023 முதல் இகாலியா என்ற ஸ்பெயின் நிறுவனத்தின் பொறியாளர்களால் மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது.

கட்வாரியா சராயின் ஜைன தரிசன வகுப்புக்குத் திரும்பினால், இதே தகராறு இன்னும் உயரமான இடத்தில் நடக்கிறது. கேவலஞானம் பெற்றவர், அதாவது கேவலி, எல்லாவற்றையும் அறிகிறார். பொதுவாகக் காண்பது தரிசனம், விவரமாக அறிவது ஞானம். எல்லாம் உணர்ந்தவருக்கு இவ்விரண்டும் மாறி மாறி வருமா, சேர்ந்தே வருமா? ஆகம மரபைக் காத்த ஜினபத்ரர் மாறி மாறித்தான் என்றார். குந்தகுந்தர் சூரியனின் ஒளியும் வெப்பமும்போல ஒருங்கே என்றார். வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையோடு தமிழ்ச் சமணர் அவரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். சித்தசேன திவாகரர் இன்னும் ஒரு படி போய், மறைப்புகள் எல்லாம் நீங்கியவருக்கு வரிசை எங்கிருந்து வரும், அந்நிலையில் இரண்டும் வேறே அல்ல என்று வழக்கை முடித்தார்.

சித்தசேனரின் வாதத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: வரிசை என்பது தடையின் விளைவு. தடை போனால் வரிசையும் போகும். நையாயிகரின் அணு மனமும் அதே நம்பிக்கையின் வேறு உருவம்தான், அங்கே தடை கருவியின் சிறுமை. இருவரும் வரிசையை அறிகிறவன் தலையில் கட்டினார்கள். ஃப்ளோட் போட்ட பக்கம் இதை ஏற்க மறுக்கிறது. 1967இல் ஜீன் ஆம்டால் சொன்ன கணக்கும் மறுக்கிறது. வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால், கணக்கற்ற செயலிகள் சேர்ந்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. தடையே இல்லாத கருவிக்கும் பொருள் தன் வரிசையை விதிக்கும்.

ஜைன வித்வான் ஒருவர் இதற்கு உடனே மறுப்புச் சொல்லலாம், அது நியாயமான மறுப்புத்தான். செயலி கணக்கிடுகிறது, கேவலி கணக்கிடுவதில்லை. வரிசையை உடைய பொருளை அறிவதற்கு அறிவும் வரிசையாக வரவேண்டும் என்பதில்லை. நீளமான கயிற்றைப் பார்க்கும் பார்வை நீளமாகவா இருக்கிறது? உலாவியை வைத்து முற்றறிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வந்தால் அது அத்துமீறல். ஆனால் அறிவை விட்டுச் செயலுக்கு வந்தால், உவமை திரும்பவும் உயிர் பெறுகிறது. சௌபரிக்கு மட்டும் அல்ல, வினைக்கும்.

காயவியூகத்துக்கு மரபு சொன்ன பயனே அதுதான்: பல பிறவியில் அனுபவித்துத் தீர்க்க வேண்டிய வினையை, பல உடல் எடுத்து ஒரே வாழ்நாளில் தீர்த்துவிடலாம். இது இணைக் கணிப்பின் கனவேதான். வினைகள் உடன்பிறந்த பெட்டிகள்போல் ஒன்றையொன்று எதிர்பாராதவை என்றால் கனவு பலிக்கும். சைவ சித்தாந்தம் அந்த அனுமானத்தில் ஓட்டை காட்டுகிறது. சேர்ந்து கிடக்கும் பழவினையான சஞ்சிதத்திலிருந்து பக்குவப்பட்டு வருவது பிராரத்தம். அதை அனுபவிக்கும்போதே விருப்பு வெறுப்பால் செய்யும் புதுச் செயல்கள் ஆகாமியம், அது மறுபடி சஞ்சிதத்தில் சேரும். அனுபவமே புது வினைக்கு விதையாகும்போது, முந்தையது எங்கே முடிந்தது என்று தெரியாமல் அடுத்ததை எப்படித் தொடங்குவது? ஐந்தாம் பத்தியின் நிலைமைதான் இங்கும். சௌபரியின் கதை முடிவும் இதற்குச் சாட்சி. ஐம்பது உடல்களில் ஆசை ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் தீர்ந்துவிடவில்லை. நூற்றைம்பது பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்கள் நடப்பதைப் பார்க்க வேண்டும், மணமுடிப்பதைப் பார்க்க வேண்டும், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசை கிளைத்தது. கடைசியில் முனிவர் வேலையைப் பிரிப்பதை விட்டு, எல்லாவற்றையும் துறந்து காட்டுக்குப் போனார். சித்தாந்திகளும் சஞ்சிதத்தை அனுபவித்துத் தீர்க்கச் சொல்லவில்லை. குருவின் தீக்கையால் அது எரியும் என்றார்கள். வேகப்படுத்துவதற்குப் பதில் கட்டை அறுப்பது.

கட்டை அறுக்கும் வழி சிஎஸ்எஸ்ஸிலும் வந்திருக்கிறது. 'கன்டெய்ன்' என்று ஒரு விதி. இந்தப் பெட்டிக்குள் நடப்பது எதுவும் வெளியே உள்ளவற்றைப் பாதிக்காது என்று பக்கம் எழுதுகிறவரே உலாவிக்கு வாக்குக் கொடுக்கிறார். 2019 நவம்பரில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அதைப் பரிந்துரையாக ஏற்றது. வாக்கு இருந்தால் உலாவி அந்தப் பெட்டியைத் தனியே கையாளலாம், திரைக்கு வெளியே இருந்தால் அதன் உள்ளடக்கத்தை அடுக்காமலே விட்டுவைக்கலாம். ஃப்ளோட்டின் கதையும் மாறிவிட்டது. ஒருகாலத்தில் பக்கத்தை இரண்டு மூன்று பத்தியாகப் பிரிக்க அதைவிட்டால் வழி குறைவு. ஃப்ளெக்ஸ்பாக்ஸும், 2017இல் முக்கிய உலாவிகள் ஏற்ற கிரிட்டும் வந்தபின் புதிதாகத் தளம் எழுதுகிறவர்கள் ஃப்ளோட்டைப் பத்திக்குள் படம் வைக்க மட்டும் எடுக்கிறார்கள். நேரு பிளேஸில் வாங்கிய அதே எட்டு கோர் போன் ஒரே உள்ளடக்கத்தை இரண்டு விதமாக எழுதிய பக்கங்களில் சந்திக்கலாம். பழைய பக்கத்தில் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்துக் கிடக்கும். புதியதில் சர்வோ போன்ற இயந்திரம் அவற்றை எட்டுக் கோருக்கும் பிரித்து அனுப்பும்.